இரண்டு நோடு கிளஸ்டரில் மெயிலும் எல்டாப்பும்: நோடு மாறும்போது சரியான முகவரிக்கு வந்த மடல் திரும்பிப் போகிறது

அஞ்சல்கூடம்

வணக்கம். எங்கள் அலுவலக மெயிலை இதுவரை ஒரே சர்வரில்தான் ஓட்டி வந்தோம். மடலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் பயனர்களுக்குத் திறந்து காட்டும் டவ்காட், பயனர் பட்டியலை (டைரக்டரியை) வைத்திருக்கும் எல்டாப் சர்வரான ஓப்பன்எல்டாப் மூன்றும் அதிலேயே. இப்போது அதே ரகத்தில் இன்னொரு சர்வர் கிடைத்திருக்கிறது. ஒன்று படுத்துவிட்டால் மற்றது எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தேவை.

போட்டிருக்கும் அமைப்பு இது: இரண்டு சர்வரும் (நோடும்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ள கோரோசின்க், அதன்மேல் எது எந்த நோடில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பேஸ்மேக்கர். மெயில் பெட்டிகளும் போஸ்ட்ஃபிக்ஸ் கியூவும் (காத்திருக்கும் மடல்களின் வரிசை), எழுதுவதை இரண்டு நோடிலும் நகலாக வைக்கும் டிஆர்பிடி டிஸ்கில் இருக்கின்றன. மெயிலோடு சேர்ந்து நோடு விட்டு நோடு நகரும் ஒரு ஐபி உண்டு. எல்டாப் மட்டும் இரண்டு நோடிலும் எப்போதும் ஓடுகிறது. சின்க்ரெப்பிள் என்ற அதன் நகலெடுக்கும் வசதி வழியாக ஒன்றை ஒன்று பார்த்து நிரப்பிக்கொள்கிறது. பதில் சொல்லாத நோடின் பவரை வெட்டும் ஸ்டோனித்தை அணைத்து வைத்திருக்கிறேன். அணைக்காவிட்டால் எந்த ரிசோர்ஸும் (பேஸ்மேக்கர் நடத்தும் சர்வீஸ், டிஸ்க், ஐபி) ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது.

பவரை நிறுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த நோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ஒன்று, இரண்டு சர்வருக்கும் நடுவில் இருக்கும் கேபிளைப் பிடுங்கினால் இரண்டுமே தன்னைத்தான் முதன்மை என்று நினைத்துக்கொண்டு ஐபியை எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு, போன வாரம் இரண்டாவது நோடில் டிஸ்க் மாற்றி, புதிதாக இன்ஸ்டால் செய்து கிளஸ்டரில் சேர்த்தோம். டிஆர்பிடி சின்க் முடிந்ததும் மெயிலை அந்தப் பக்கம் தள்ளினோம். அடுத்த சில நிமிடங்களில் வேலையில் இருக்கும் ஊழியர்களுக்கு வந்த மடல்களே 550 என்ற நிரந்தர மறுப்பு எண் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டன, ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று. லாகில் எரர் ஒன்றும் இல்லை. ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராமான எஸ்லாப்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

இந்த இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. எல்டாப்பையும் டிஆர்பிடிக்குள் கொண்டுபோய் ஒரே குரூப்பாக நகர்த்திவிடலாமா?

நோட்காவல்

வேண்டாம். எல்டாப் இப்போது இருக்கும் முறைதான் சரி. ரெப்ளிகேஷனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சர்வீஸை டிஸ்க் வழியாக நகர்த்துவதில் லாபமில்லை. டிஸ்க்கோடு நகர்த்தினால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எஸ்லாப்டி நின்று, மவுன்ட் மாறி, மறுபடி ஸ்டார்ட் ஆகும்வரை லாகின் எல்லாம் நிற்கும். இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தால் அந்த இடைவெளியே கிடையாது.

உங்களுக்கு நடந்தது ஃபெயில்ஓவர் (ஒரு நோடிலிருந்து மற்றதற்கு மாறும்) கோளாறே இல்லை. பாதி நிரம்பிய டைரக்டரி பதில் சொல்ல ஆரம்பித்ததுதான் கோளாறு. காலியாக ஸ்டார்ட் ஆகும் எஸ்லாப்டி, முதல் சின்க் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்காது. கேட்டால், தன்னிடம் அதுவரை வந்து சேர்ந்ததை வைத்துப் பதில் சொல்லும். இன்னும் வராத ஆளைக் கேட்டால், தேடல் வெற்றி, விடை பூஜ்யம். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எரர் இல்லை, தெளிவான பதில். அதனால்தான் உங்கள் லாக் சுத்தமாக இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், மொத்த வடிவமைப்பும் இதில்தான் நிற்கிறது. எல்டாப் முழுக்கவே செத்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்று சொல்லும், தேடல் தற்காலிகமாகத் தோல்வி என்று. 4-இல் தொடங்கும் எந்தப் பதிலுக்கும் அனுப்பும் சர்வர் மடலைத் தன் கியூவில் வைத்துக்கொண்டு பிறகு மறுபடி முயலும். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி முறையின் தரமான ஆர்எஃப்சி 5321, கைவிடுவதற்கு முன் குறைந்தது 4, 5 நாளாவது முயலச் சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அளவும் 5 நாள். அதாவது உங்கள் டைரக்டரி ஒரு இரவு முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் வெளியிலிருந்து வரும் மடல் தாமதமாகும், தொலையாது. ஆனால் 550 சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அனுப்பியவருக்கு பவுன்ஸ் (மடல் சேரவில்லை என்ற அறிவிப்பு) போய்விடும். பல மெயிலிங் லிஸ்டுகள் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். அதை எந்த கிளஸ்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே மெயிலுக்குப் பின்னால் நிற்கும் டைரக்டரி, தெரியாததை ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. பதிலே சொல்லாமல் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது:

புதிய நோடை ஒருபோதும் காலியாக ஸ்டார்ட் செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் பக்கத்தில் எஸ்லாப்கேட் கட்டளையால் முழு டைரக்டரியையும் ஃபைலாக எடுத்து, புதிய பக்கத்தில் எஸ்லாப்ஆட் மூலம் ஏற்றி, அதன் பிறகே எஸ்லாப்டியைக் கிளப்புங்கள். அப்போது சின்க்ரெப்பிள் எடுக்க வேண்டியது இடைப்பட்ட மாற்றங்களை மட்டும்தான்.

நோடு மாற்றும் வேலை, பராமரிப்பு வேலை எது நடந்தாலும் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸை ஆன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அது 5-இல் தொடங்கும் மறுப்புகளை 4 ஆக மாற்றிவிடும், நம் பக்கம் உருவாகும் பவுன்ஸையும் கியூவிலேயே நிறுத்திவைக்கும். மடலைப் பெட்டியில் போடும் டவ்காட்டின் எல்எம்டிபியும் இதே டைரக்டரியைக் கேட்டு 550 சொல்லக்கூடியது என்பதால் இந்த இரண்டாவது குணம் முக்கியம். வேலை முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தவறான முகவரிக்கு வரும் மடலெல்லாம் கியூவில் குவியும்.

அப்புறம், மெயிலை அந்த நோடுக்கு விடுவதற்கு முன் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் (டைரக்டரி எந்த மாற்றம் வரை பெற்றிருக்கிறது என்ற முத்திரை) மதிப்பை இரண்டு பக்கமும் கேட்டு ஒப்பிடுங்கள். முதல் சின்க் முடியாத நோடில், சஃபிக்ஸ் என்ட்ரியில் (டைரக்டரி மரத்தின் உச்சிப் பதிவில்) அந்த மதிப்பு வந்திருக்காது. அது இல்லையென்றால் அந்தப் பக்கம் போகவே கூடாது. இந்த ஒப்பீட்டை நிமிடத்துக்கு ஒரு முறை மானிட்டரிங்கிலும் போட்டுவிடுங்கள்.

இரும்புக்கதவு

எல்டாப் விஷயம் மேலே முழுசாக வந்துவிட்டது. நான் முதல் பிரச்சினைக்கு வருகிறேன். ஸ்டோனித்தை அணைத்துவிட்டு டிஆர்பிடி மேல் மெயில் பெட்டியை வைக்காதீர்கள். தயவுசெய்து.

கேபிள் பிடுங்கியபோது ஐபி இரண்டு பக்கமும் வந்தது வெளியில் தெரிந்த பாதி மட்டும். உள்ளே டிஆர்பிடியும் இரண்டு பக்கமும் பிரைமரி (எழுத அனுமதி உள்ள பக்கம்) ஆகியிருக்கும். அந்த நேரத்தில் சில மடல் இந்த டிஸ்கிலும் சில மடல் அந்த டிஸ்கிலும் விழுந்திருக்கும். மறுபடி இணைக்கும்போது, யாருடைய மாற்றத்தைத் தூக்கி எறிவது என்று டிஆர்பிடி உங்களைக் கேட்கும். எதைச் சொன்னாலும் யாரோ ஒருவரின் மடல் போகும்.

எதிர்ப்பக்கம் பதில் சொல்லவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று பொருளில்லை. நெட்வொர்க் போயிருக்கலாம், லோடு ஏறி உறைந்திருக்கலாம். அது உண்மையிலேயே நின்றுவிட்டது என்பதை உறுதி செய்ய ஒரே வழி, நாமே அதன் பவரை வெட்டுவதுதான். ஸ்டோனித் கேட்பது அதைத்தான். ரிசோர்ஸ் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்ததும் அதனால்தான். அந்த அடம் உங்கள் நன்மைக்கு.

டிஆர்பிடி பக்கமும் ஒரு ஃபென்சிங் (பதில் சொல்லாத நோடை விலக்கி வைக்கும்) அமைப்பு உண்டு. இணைப்பு அறுந்தவுடன் டிஸ்க் எழுத்தை நிறுத்திவைத்து, எதிர்ப்பக்கத்தை ‘பழையது’ என்று முத்திரை குத்தியோ பவரை வெட்டியோ முடித்த பிறகுதான் தொடரும். ஸ்டோனித்தையும் இதையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்று மட்டும் போதாது.

அஞ்சல்கூடம்

இருவருக்கும் நன்றி. காலியான எஸ்லாப்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இப்போது லாகில் நேரத்தை வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

ஸ்டோனித்துக்கு, தூரத்திலிருந்து பவரை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ இரண்டு சர்வரிலும் இருக்கிறது. அது போதுமா? இன்னொன்று, ஒரு நோடு சும்மா உட்கார்ந்திருப்பதை மேலாளர் விரும்பவில்லை. பாதிப் பேருக்கு ஒன்று, பாதிப் பேருக்கு மற்றொன்று என்று இரண்டையும் ஓடவிடலாமா என்று கேட்கிறார்.

இரும்புக்கதவு

ஐபிஎம்ஐ நல்லது, ஆனால் ஒரு ஓட்டை உண்டு. அது அந்த சர்வரின் பவரிலேயே ஓடுகிறது. பவர் கேபிளே கழன்றால் ஐபிஎம்ஐயும் சேர்ந்து சாகும். ஃபென்சிங் கட்டளைக்குப் பதில் வராது. பதில் வராதவரை மற்ற நோடு மெயிலைத் தொடாமல் காத்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாம் நிலையாக, தூரத்திலிருந்து அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப்பை வையுங்கள். பேஸ்மேக்கரில் ஃபென்சிங்கை நிலை நிலையாக அடுக்கலாம், முதலாவது தோற்றால் அடுத்தது.

இரண்டு நோடு மட்டும் இருக்கும்போது கேபிள் அறுந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒரே கணத்தில் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரு பக்கத்தின் ஃபென்சிங்குக்குச் சில விநாடி தாமதம் வைத்தால் தீரும். அதைவிட நல்லது, எந்தப் பக்கம் தொடரலாம் என்று தீர்மானிக்கும் மூன்றாவது வோட்டு. க்யூநெட்டி என்ற சின்ன சர்வீஸை வேறு ஏதாவது மெஷினில் ஓட்டினால் போதும். அதற்கு டிஸ்க், ரிசோர்ஸ் எதுவும் வேண்டாம். ஒரே க்யூநெட்டி பல கிளஸ்டருக்கும் வோட்டுப் போடும். ஒரே நிபந்தனை, அது இந்த இரண்டு சர்வரில் எதற்குள்ளும் விர்ச்சுவல் மெஷினாக இருக்கக் கூடாது.

கோரோசின்க் பேசும் பாதையையும் இரண்டாக்குங்கள். நேர் கேபிள் ஒன்று, ஸ்விட்ச் வழியாக ஒன்று. ஒரு கேபிள் பிடுங்கியதற்கு ஃபென்சிங் வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

மடிப்புத்தாள்

இரண்டையும் ஓடவிடும் கேள்விக்கு என் அனுபவம். பெட்டியில் உள்ள மடல்களின் அட்டவணையான டவ்காட்டின் இன்டெக்ஸ் ஃபைல்கள்தான் இங்கே முடிச்சு. ஒரே பயனரின் பெட்டியை இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் திறந்தால், கீழே என்எஃப்எஸ் என்ற பகிர்ந்த டிஸ்க் இருந்தாலும் வேறு எது இருந்தாலும், இன்டெக்ஸ் கெடும். ஃபோனும் கம்ப்யூட்டரும் தனித்தனிப் பக்கம் போனாலே இது நடந்துவிடும். முன்பு இதற்கு டைரக்டர் என்ற பகுதி டவ்காட்டிலேயே இருந்தது, ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்ப. டவ்காட் 2.4-இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு சர்வருக்கும் நடுவே பெட்டிகளைச் சின்க் செய்து வந்த ரெப்ளிகேட்டரும் அதே பதிப்பில் போய்விட்டது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அதை நம்பித் திட்டம் போடுபவர்கள் இன்னும் நிறைய.

இரண்டு சர்வரையும் உழைக்க வைத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு டிஆர்பிடி வால்யூம், இரண்டு குரூப், பயனர்களைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று. ஒன்று விழுந்தால் இரண்டு பாதியும் ஒரே மெஷினில். அப்போது அந்த மெஷின் முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால் மிச்சப்படுவது ஒன்றுமில்லை, சிக்கல்தான் இரண்டு மடங்கு. மேலாளரிடம் சும்மா இருக்கும் நோடில் பேக்கப்பையும் எல்டாப் தேடல்களையும் ஓட்டுகிறோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

டிஆர்பிடியில் புரோட்டோகால் சி-தானே? போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மடலை வாங்கி, கியூ ஃபைலை டிஸ்கில் எழுதி உறுதி செய்த பிறகுதான் 250 (ஏற்றுக்கொண்டேன்) சொல்கிறது. 250 சொன்ன கணத்திலிருந்து அந்த மடலுக்கு நாம்தான் பொறுப்பு, அனுப்பியவர் தன் நகலை அழித்துவிடுவார். புரோட்டோகால் சி-யில் இரண்டு டிஸ்கிலும் விழுந்த பிறகே ‘எழுதியாயிற்று’ என்ற பதில் திரும்பும். ஏ-யில் அப்படி இல்லை. நம் டிஸ்கில் எழுதி, நெட்வொர்க்கில் தள்ளியவுடனே பதில் வந்துவிடும். அந்த இடைவெளியில் மெஷின் செத்தால், வாங்கிவிட்டதாகச் சொன்ன மடல் எங்குமே இருக்காது.

இன்னொன்று: டிஆர்பிடி இணைப்பு அறுந்து ஒற்றையாக ஓடும்போது எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். அந்த நிலைக்குக் கட்டாயம் அலாரம் வையுங்கள்.

தனிமரம்

எல்லாம் சரி, ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். இவ்வளவும் தேவையா? எஸ்எம்டிபி நாள்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கும் என்று மேலே நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஒரு நல்ல சர்வர், சோதித்துப் பார்த்த பேக்கப், ஒரு மணி நேரத்தில் மீட்டெடுக்கும் பயிற்சி, இவை போதாதா? தவறாக வைத்த கிளஸ்டரால் விழுந்த மெயில் சர்வர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒற்றை சர்வர் அவ்வளவு சுலபமாக விழுவதில்லை.

நோட்காவல்

நியாயமான கேள்வி. உள்ளே வரும் மடலுக்கு மட்டும் என்றால் உங்களோடு ஒத்துப்போவேன். ஆனால் காத்திருக்கத் தெரிந்தது சர்வருக்கு சர்வர் பேசும் பாதை மட்டும். ஐமேப்பில் மடல் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும், சப்மிஷன் வழியாக மடல் அனுப்புபவரும் உடனே எரரைப் பார்ப்பார்கள். எல்டாப் போனால் மெயிலோடு நிற்காது. விபிஎன், வைஃபை, உள் தளங்கள் என்று லாகின் கேட்கும் எல்லாமே நிற்கும்.

எனவே எல்டாப்புக்கு இரண்டு நோடு கட்டாயம், அதற்கு கிளஸ்டர் மென்பொருளும் தேவையில்லை. மெயிலுக்கு, ஃபென்சிங் வைக்க முடியாத இடத்தில் நீங்கள் சொல்வதே சரி: ஒற்றை சர்வரும் நல்ல பேக்கப்பும். அரைகுறை கிளஸ்டர் இரண்டையும்விட மோசம். அஞ்சல்கூடத்திடம் ஐபிஎம்ஐ இருக்கிறது, மூன்றாவது வோட்டும் வைக்கலாம், அதனால் அவர் தொடரலாம் என்பது என் கருத்து.

தனிமரம்

ஃபென்சிங் இல்லாவிட்டால் கிளஸ்டர் வேண்டாம் என்றால் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். யாராவது பெட்டியை அழித்தால் டிஆர்பிடி அதை அடுத்த கணமே மறுபக்கத்திலும் அழிக்கும். எல்டாப்பும் அப்படித்தான், ஒரு கிளையை அழித்தால் இரண்டு பக்கமும் போகும்.

மடிப்புத்தாள்

சில சில்லறை விஷயங்கள், ஆனால் முதல் உண்மையான ஃபெயில்ஓவரில் கடிப்பவை இவைதான்.

வெளியே போகும் மடல் எந்த ஐபியிலிருந்து போகிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் நோடின் சொந்த ஐபியிலிருந்து போகும். எஸ்பிஎஃப் ரெக்கார்டிலும் (நம் பெயரில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியல்) ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸிலும் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) அது இல்லையென்றால், நோடு மாறியவுடன் நம் மடல்களை எதிர்ப்பக்கம் மறுக்க ஆரம்பிக்கும். நகரும் ஐபியையே அனுப்பும் முகவரியாக போஸ்ட்ஃபிக்ஸில் கட்டிவிடுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும், பூட் ஆகும்போது சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில் டிசேபிள் ஆகியிருக்க வேண்டும். பேஸ்மேக்கர் மட்டுமே கிளப்ப வேண்டும். இல்லாவிட்டால் ரீபூட் ஆன நோடு, டிஸ்க் மவுன்ட் ஆகாத வெறும் ஃபோல்டரின் மேல் டவ்காட்டை ஓட்டும்.

மெயில் ஃபைல்களின் சொந்தக்காரரான பயனர் எண் இரண்டு நோடிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் சர்வீஸின் பெயர் இருக்க வேண்டும். எல்டாப்பை நோடின் பெயரால் கூப்பிட்டால் அந்தப் பெயரும் வேண்டும்.

திரும்பி வந்த நோடுக்கு மெயில் தானாகத் தாவாமல் இருக்க ஸ்டிக்கினஸ் வையுங்கள். ஒரு தடவை நகர்ந்தது போதும், இரண்டாவது நகர்வு நாம் பார்த்து, நேரம் பார்த்துச் செய்ய வேண்டியது.

டிஸ்கை அன்மவுன்ட் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று நிஜமான சுமையில் அளந்து, ஸ்டாப் டைம்அவுட்டைத் தாராளமாக வையுங்கள். ஸ்டாப் தோற்றால் பேஸ்மேக்கர் அந்த நோடையே ஃபென்ஸ் செய்யும். நிதானமாக நகர்த்த நினைத்தது பவர் கட்டில் போய் முடியும்.

அஞ்சல்கூடம்

எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். க்யூநெட்டி தனி மெஷினில் ஓடுகிறது, பவர் ஸ்ட்ரிப் இரண்டாம் நிலையில். கேபிளைப் பிடுங்கினால் இப்போது ஒன்றும் ஆவதில்லை. இரண்டு பாதையையும் பிடுங்கினால் வோட்டு இல்லாத பக்கம் வெட்டப்படுகிறது, மற்றது தொடர்கிறது. புதிய நோடை எஸ்லாப்ஆட் மூலம் ஏற்றிவிட்டுக் கிளப்பினேன், ஒரு 550 கூட வரவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் எல்டாப் சர்வர்கள் இரண்டையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். முதல் எஸ்லாப்டியைக் கொன்றால் உடனே இரண்டாவதைக் கேட்கிறது. ஆனால் கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வைத்தால் இரண்டாவதற்குப் போகவே இல்லை. ஒவ்வொரு தேடலும் 10 விநாடி நின்று 451-இல் முடிகிறது.

நோட்காவல்

மிக நல்ல சோதனை, பெரும்பாலோர் கொன்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

உறைந்த எஸ்லாப்டியின் போர்ட் இன்னும் திறந்தே இருக்கிறது. வரும் டிசிபி இணைப்பை கெர்னலே ஏற்றுக்கொண்டு வரிசையில் நிற்க வைத்துவிடும். எஸ்லாப்டிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எல்டாப் லைப்ரரி அடுத்த சர்வருக்குத் தாவுவது இணைக்க முடியாதபோது மட்டும். இங்கே இணைப்பு கிடைத்துவிட்டது, பதில்தான் வரவில்லை. அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் தன் 10 விநாடி டைம்அவுட் வரை காத்திருந்து தோல்வி என்கிறது. 451 தான் என்பதால் மடல் எதுவும் தொலையவில்லை, ஆனால் லாகின்கள் நிற்கும்.

தீர்வு, உயிரோடு இருக்கிறதா என்பதைக் கேள்வி கேட்டுப் பார்க்கும் ஒருவரை நடுவில் வைப்பது. ஒவ்வொரு நோடிலும் லோக்கல்ஹோஸ்டில் (அதே மெஷினுக்குள்) ஹெச்ஏபிராக்ஸி என்ற இடைநிலை சர்வரை வைத்து, அதில் எல்டாப் செக்கைப் போடுங்கள். அது வெறும் போர்ட்டைத் தட்டிப் பார்க்காமல் அனானிமஸ் பைண்ட் (பெயர் சொல்லாத லாகின்) அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். உறைந்தது பதில் சொல்லாது, வரிசையிலிருந்து நீங்கும். போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் லோக்கல்ஹோஸ்டையே கேட்கட்டும். அனானிமஸ் பைண்டை மூடி வைத்திருந்தால் உங்கள் சொந்தச் செக் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

ஆனால் கவனம். பாதி நிரம்பிய டைரக்டரியும் பைண்டுக்கு அழகாகப் பதில் சொல்லும். உறைந்ததைப் பிடிக்கும் செக், காலியானதைப் பிடிக்காது. அதனால் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் ஒப்பீடு தனியாக இருந்தே ஆக வேண்டும், எஸ்லாப்ஆட் செய்யும் பழக்கமும்.

அஞ்சல்கூடம்

ஹெச்ஏபிராக்ஸி வைத்தாயிற்று. ஸ்டாப் சிக்னல் கொடுத்தால் சில விநாடிகளில் அடுத்ததற்குப் போய்விடுகிறது. கடைசியாக ஒன்று: எழுதும் வேலையும் இரண்டு பக்கமும் போகலாமா?

நோட்காவல்

படிப்பது இரண்டு பக்கமும், எழுதுவது ஒரு பக்கம் மட்டும். சாதாரண சின்க்ரெப்பிளில் மாற்றம் முழு என்ட்ரியாகத்தான் போகும். ஒருவரின் பாஸ்வேர்டை இங்கேயும் அவருடைய அலைபேசி எண்ணை அங்கேயும் ஒரே நேரத்தில் மாற்றினால், நேர முத்திரையில் பிந்தியது ஜெயிக்கும், மற்றது சத்தமில்லாமல் போய்விடும். நிர்வாகப் பக்கமும் பாஸ்வேர்டு மாற்றும் பக்கமும் நகரும் ஐபியையே பார்க்கட்டும், அது எந்த நேரமும் ஒரே நோடில்தான் இருக்கும். இரண்டு நோடுக்கும் வேறு வேறு சர்வர் ஐடி கொடுங்கள், கடிகாரம் இரண்டிலும் குரோனி மூலம் ஒத்துப்போகட்டும். கடிகாரம் முந்தி ஓடும் பக்கத்தின் பழைய மாற்றம், சரியான பக்கத்தின் புதிய மாற்றத்தை அடித்துவிடும். நேர வித்தியாசத்துக்கும் ஒரு அலாரம் போட்டுவிடுங்கள்.